தேதிக்காரர் வீட்டில் நின்றவர்கள்

தேதிக்காரர் எழுதிய கணினி நிரலைப் பற்றி எவர் புகார் எழுதினாலும் மறுநாள் காலை எட்டு மணிக்குள் அவர் தேதிக்காரர் வீட்டில் வந்து நின்றுவிடுவார். அதே ஆள் தன் ஊரில் தன் நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல வேலையும் பார்த்துக்கொண்டிருப்பார். தான் இன்னோரிடத்தில் நிற்பது அவருக்குத் தெரியாது. இங்கே நிற்பவர் சாப்பிடமாட்டார், உட்காரமாட்டார், புகாரில் எழுதியதை மட்டும் கால்மணிக்கு ஒரு தடவை சொல்வார். தொட்டால் வெதுவெதுவென்று இருப்பார். வியர்க்கும். நான்காவது வருடம், இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட அந்த வீட்டில் முன்னூற்று நாற்பத்தொரு பேர் நின்றார்கள்.

அந்த நிரலை அவர் வேலையில்லாமல் இருந்த மூன்று வாரத்தில் எழுதினார். இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று சொல்லும், லீப் வருடத்தைத் தவறவிடாது, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு வரி எழுதி இணையத்தில் போட்டார். எடுத்துக்கொண்டார்கள். வங்கிகள், விமானக் கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் எடுத்துக்கொண்டன. திருத்தத்தான் ஒருவரும் வரவில்லை. முதல் ஆள் வந்து நின்றபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு சேர்ந்திருந்த காப்பீட்டு அலுவலகத்தில் வேலை முடிந்து வந்து அன்று மாலையே பிழையைச் சரிசெய்தார். ஆள் மறைந்துபோனார். தரையில் ஈரமாக இரண்டு பாதத் தடம் மட்டும் இருந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் சமையலறையில் நாலு பேர் நின்றார்கள்.

கூடத்தில் டை கட்டிய வங்கி அதிகாரி ஒருவர், "இது ரொம்ப அவசரம், எப்ப சரியாகும்?" என்பார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையாக, "எனக்கும்", "எனக்கும்" என்பார்கள். குளியலறையில் இருந்தவன், "இதுகூடத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு புரோகிராம் எழுதறாங்க?" என்று கேட்பான், தேதிக்காரரின் மனைவி அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் குளிப்பாள். சுவர் முழுக்கத் தலை உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கோடாகப் படிந்திருந்தது. மழைநாளில் முன்னூறு ஜோடி காலுறைகளின் நாற்றம் தெருமுனை வரை போகும்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். உண்டாகியிருந்தாள். ஒரு நாள் வாசலில் வாந்தியெடுத்தவளிடம் தேதிக்காரர் மசக்கையா என்று கேட்டார்.

"நாள் முழுக்க மலமும் சளியும் பாக்கறேன், ஒரு நாளும் குமட்டினதில்ல. இது மசக்கை இல்ல, அந்த டை கட்டினவன்." பிறகு அளவு நாடாவை எடுத்து வந்து வீடு முழுக்க அளந்தாள். "தொட்டில் போட மூணுக்கு ரெண்டு அடி வேணும். எங்கயும் இல்ல. குழந்தை வர்றதுக்குள்ள இடம் பண்ணு. இல்லன்னா எங்க அக்கா வீட்டோட இருந்துக்கறேன். திரும்பி வரமாட்டேன்."

அவர் மாலைகளில் மூன்று பேரை அனுப்பினால் ஐந்து பேர் வந்தார்கள். வாயெல்லாம் புண். பல் தேய்ப்பதையும் விட்டிருந்தார். கடைசியில் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்: அறுபது நாள் யாரும் தொடாத புகார்களைத் தீர்ந்ததாகக் கணக்குக் காட்டித் தானாக மூடிவிடும் இன்னொரு நிரலை எழுதி ஓட்டினார். ஒரே காலையில் நூற்றைம்பது பேர் மறைந்தார்கள். அவள் தரையைக் கழுவி, கூடத்தில் தொட்டிலைப் போட்டாள். மறுநாள் நூற்றைம்பது பேரும், ஆளுக்கொரு சக ஊழியரைக் கூட்டிக்கொண்டு, "யாரைக் கேட்டு மூடுனீங்க?" என்று வந்து நின்றார்கள். தொட்டிலுக்குள்ளேயே ஒருவன் பூட்ஸோடு நின்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரிண்டரக்காவைத் தேடி அவர் நான்கு மணிநேரம் பஸ்ஸில் போனார். பாதி உலகத்தின் அச்சு இயந்திரங்களை ஓட்டும் நிரலை எழுதிய பெண் அவர், இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அக்கா. அந்த அக்கா வீட்டிலும் ஆட்கள் நிற்பதாகத் தேதிக்காரர் கேள்விப்பட்டிருந்தார்.

"செருப்ப அவன்மேல படாம கழட்டிட்டு வா" என்றார் அக்கா, வாசலில் நின்ற ஒருவனைக் காட்டி. அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒன்பது வருடத்துக்கு முந்தைய மீசையோடும் கோடுபோட்ட சட்டையோடும், தோளில் ஈரக் கைத்துணியோடும் தேதிக்காரர் நின்றிருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. வந்த தேதிக்காரர் கிட்டப் போய் முகர்ந்தார். தன் வியர்வைதான். தொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தார்.

"அக்கா, இது நான்."

"தெரியும். 'ரெண்டு மாசமாச்சு, யாராவது பாக்கறீங்களா இல்லையா'ன்னு மூணு வருஷம் அதையே கத்தின."

"என்ன பிழை அது?"

"ஒரு வரி. நீயே திருத்தியிருக்கலாம், நீயும் புரோகிராம் எழுதறவன்தான. உனக்கு நிக்கத்தான் தோணிச்சு."

"மூடிடுங்க அக்கா. காலப் புடிச்சுக்கறேன்."

"துணி எங்க போடறது அப்புறம்?" அக்கா கைத்துணியைத் திருப்பிப் போட்டார். "நான் நிறுத்தி ஆறு வருஷமாச்சு. இனிமே பாக்கமாட்டேன்னு எழுதி வெச்சேன். அன்னிக்கோட எல்லா வாயும் நின்னுச்சு. ஆளுங்க போகல. புதுசா யாரும் வரல."

"பிரிண்டரெல்லாம்?"

"ஓடுது. ஓடலைன்னா எவனாவது பாத்துக்குவான். நான் கேட்டுக்கறதில்ல. வாய அலம்பிட்டுப் போ."

அவர் வீட்டுக்கு வந்து ஒரு பிழையையும் திருத்தவில்லை. முதல் பக்கத்தில், இனி நான் இதைப் பார்க்கமாட்டேன், நிரல் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் இல்லை என்று எழுதிப் புகார்ப் பெட்டியை மூடினார். வங்கி அதிகாரியின் பேச்சு "ரொம்ப அவ" என்பதோடு நின்றது. உலகம் அழியவில்லை. வேறு இடங்களில் அவரைத் திட்டினார்கள், பிறகு வங்கியே இரண்டு பேரை உட்கார வைத்து நிரலைப் படியெடுத்துத் தானே திருத்திக்கொண்டது. நான்கு வருடம் இவரிடம் நின்று வாய்வழியாகக் கேட்டதையெல்லாம் அந்த இருவரும் மூன்று நாளில் முடித்தார்கள்.

பேச்சு நின்றவர்களை அலமாரி போல நகர்த்த முடிந்தது. ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துத் தூக்கி, அவர்கள் அக்குள் ஈரம் தன் கழுத்தில் வழிய, பின்னறையிலும் சுவரோரங்களிலும் நெருக்கி அடுக்கினார். பதினோரு நாள் ஆனது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இடத்தை அளந்தாள். மூன்றுக்கு இரண்டரை.

"நாத்தம் போகலையே?"

"போகாது."

"ஜன்னலத் திற" என்று சொல்லிப் பையைக் கீழே வைத்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. பால் குடித்ததும் கக்குகிற குழந்தை. தொட்டிலுக்குப் பக்கத்தில் விமானக் கம்பெனிக்காரர் ஒருவர் நின்றார். நல்ல வெளுத்த பருத்திச் சட்டை. தாய் குழந்தையின் வாயை அவருடைய முழுக்கைச் சட்டையின் நுனியில் துடைத்துவிடுவாள். நனைந்துவிட்டால் மறு பக்கத்துக் கை இருந்தது.