நாற்பத்தொரு நாய்ப் பலகைகள்

வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். பிறந்த மூன்றாம் நாள் தொடங்கிய அழுகையை ஏழு மாதம் நிறுத்தாமல் அழுது, பிறகு அதை அப்படியே பேச்சாக மாற்றிக்கொண்டவள். பெயர் வைத்தவன் அண்ணன். அப்போது அவனுக்கு ஐந்து வயது. இப்போது அவள் வடிவமைப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவன் இருசக்கர வண்டியில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பருவத்தில் அவர்களுக்குக் காட்சிப் பண்பாடு என்று ஒரு பாடம். ஆசிரியை முதல் வகுப்பிலேயே வேலையைக் கொடுத்துவிட்டார். "தினமும் கண்ணுல படற, ஆனா யாரும் நின்னு பார்க்காத ஒரு படத்தை எடுத்துக்குங்க. ஒண்ணு ரெண்டு போதாது, நாப்பதாவது சேருங்க. அது யாருக்கு என்ன சொல்லுதுன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க."

ஒருத்தி சோப்பு உறைகளை எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தன் முடிவெட்டும் கடைகளில் தொங்கும் தலைப் படங்களை எடுத்துக்கொண்டான். சில்வண்டு நாலு நாள் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அண்ணன் கால்சட்டையின் ஒரு பக்கம் முழங்கால் வரை கிழிந்து தொங்க வீட்டுக்குள் வந்தான்.

"என்னண்ணா ஆச்சு?"

"நாய்."

"கடிச்சிருச்சா?"

"பேன்ட்டை மட்டும். போர்டு வைக்காத வீடு. போர்டு வச்ச வீட்ல எல்லாம் நான் உஷாரா இருப்பேன்ல, வெளியில நின்னே ஹாரன் அடிச்சிருவேன். இவங்க ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

அம்மா மஞ்சள் நிற மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கடிபடாத காலில் அதைத் தடவ வேண்டாம் என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தபோது சில்வண்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. வீட்டு வாசல்களில் தொங்கும் 'நாய் ஜாக்கிரதை' பலகைகள்.

அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவன் தெருத் தெருவாகச் சுற்றினான். எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் பலகை இருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். வண்டியை எதிர்ச்சாரியில் நிறுத்தி, இறங்காமல், கையை மட்டும் நீட்டிக் காட்டுவான். அவள் ஓடிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவாள். மொத்தம் நாற்பத்தொரு பலகைகள். கடையில் வாங்கிய தகரப் பலகைகள், பல்லைக் காட்டும் நாய்கள், வெறும் எழுத்து மட்டும் உள்ளவை, ஒரு வீட்டில் பென்சிலால் எழுதிய அட்டை. பதினேழாவது படம் ஒரு பச்சைக் கதவு. அதில் கையால் வரைந்த நாய் ஒன்று இருந்தது. அதை நாய் என்று பக்கத்தில் எழுத்தால் சொன்னபிறகே நம்ப முடிந்தது. காதும் முகமும் ஆட்டுக்குட்டி போல இருந்தன. வாய் சிரித்தது.

வகுப்பில் முதல் முறை படித்துக் காட்டியபோது சில்வண்டு அசத்திவிட்டதாகவே நினைத்தாள். இந்தப் பலகைகள் எல்லாமே ஒரு வகை மதில். வீடு பெரிதாகப் பெரிதாகப் பல்லும் பெரிதாகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இருப்பவர்கள் மேல் உள்ள அவநம்பிக்கையைத்தான் நாய் வேஷம் போட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இப்படிப் பதினொரு பக்கம். பதினேழாவது படம் திரையில் விழுந்ததும் வகுப்பே சிரித்தது. அதற்குக் கீழே அவள் 'தோற்றுப்போன மிரட்டல்' என்று எழுதியிருந்தாள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. "நல்லா எழுதியிருக்கம்மா. வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?"

"யார் மேடம்?"

"போர்டு வச்சவங்க."

"அவங்களைக் கேக்கலை மேடம்."

"உள்ள நாய் இருந்துச்சா?"

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு வீட்டில் ஒரு வீட்டில்கூட அவள் உள்ளே எட்டிப் பார்த்திருக்கவில்லை.

"படத்தைப் பார்த்து உனக்குத் தோணினதை எழுதியிருக்க. அது உன்னைப் பத்தின ஆராய்ச்சி. அதுவும் வேணும்தான், ஆனா பாதிதான் அது. இன்னும் ரெண்டு வாரம் எடுத்துக்க."

அன்று வீட்டில் சில்வண்டு வாயே திறக்கவில்லை. அப்பா இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் ஒருவழியாக விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணன் யோசித்தான். "அப்ப மணி அடிக்கணும்."

"ஆமா."

"நாப்பத்தோரு வீட்லயும்."

"ஆமா."

"நான் வண்டியிலயே உட்கார்ந்திருப்பேன்."

"நீ எதுக்குண்ணா வர்ற, ஒருநாள்தான் லீவு உனக்கு."

"நீ ஓடி வந்தா ஏத்திக்க ஆள் வேணாமா?"

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கே கிளம்பினார்கள். முதல் வீட்டில் மணியை அமுக்கிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். பத்தாவது வீட்டில் அது பழகிப்போனது. யாரும் அவளை விரட்டவில்லை. நாயைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வந்துவிட்டால் மனிதர்கள் எப்படி மலர்ந்துபோகிறார்கள் என்பதை அன்றுதான் அவள் பார்த்தாள். ஒரு வக்கீல் தன் நாய்க்குத் தூக்கத்தில் குறட்டை வருவதை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். முழுவதையும் கேட்க வைத்துத்தான் விட்டார். ஒரு வீட்டில் நாய் இறந்து மூன்று வருடமாகிவிட்டது. பலகையைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை என்றாள் அந்த வீட்டு மருமகள். அரை ஆள் உயரத்துக்குக் கோரைப் பல்லோடு பலகை வைத்திருந்த மாடி வீட்டில் இருந்தது ஒரு பூனை.

அவள் நோட்டில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே போனாள். முப்பது வீடு முடிந்ததும் மரத்தடியில் வண்டியை நிறுத்தி இருவரும் கட்டத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணா, இதைப் பாரேன். பல்லு பெருசா இருக்கற வீட்ல பாதிக்கு மேல நாயே இல்ல."

"நெசமாவா? அங்கெல்லாம் நான் எட்டடி தள்ளி நின்னிருக்கேன்."

"நாய் இருக்கற வீட்டுக்காரங்க பயமுறுத்தலை. வழி சொல்றாங்க. 'மணி அடித்துவிட்டு நிற்கவும், கட்டிவிட்டு வருகிறோம்.' 'கதவை மூடிவிட்டுச் செல்லவும், வெளியே ஓடிவிடும்.' ஒரு வீட்ல நாய் பேரையே எழுதி வச்சிருக்காங்க. நாயோட குடியிருக்கறவங்களுக்கு வர்றவங்க மேலயும் அக்கறை, நாய் மேலயும் அக்கறை. நாய் இல்லாதவங்களுக்குத்தான் நாயோட பல்லு மட்டும் ஞாபகம் வருது."

அண்ணன் தன் தலைக்கவசத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். தங்கை பேசுவதை அவன் இத்தனை நேரம் குறுக்கே பேசாமல் கேட்டது அதுவே முதல் தடவை.

கேலி செய்த வீடாயிற்றே என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பச்சைக் கதவுக்கு அவர்கள் போனபோது மணி மூன்று. சில்வண்டு மணியை அமுக்கினாள். வெகு நேரம் கழித்து ஓர் அம்மாள் ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்துவந்து கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். தனியாக இருக்கிறார்.

"ஆன்ட்டி, உங்க போர்டைப் பத்திக் கேக்கலாமா?"

"அக்கான்னே கூப்பிடு. ஆன்ட்டின்னா எனக்கு மூட்டு இன்னும் கொஞ்சம் வலிக்குது."

"நாய் எங்கக்கா?"

"அதான் போர்டுல இருக்கே."

வாரத்தில் மூன்று நாள் அவருக்கு இரவுப் பணி. வீடு பூட்டிக் கிடக்கும். போன வருடத்துக்கு முந்தின வருடம் எதிர்வீட்டில் திருடு போனது. மறுநாளே கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பெயின்ட்டில் தானே உட்கார்ந்து ஒரு நாயை வரைந்து மாட்டிவிட்டாராம்.

சில்வண்டுக்கு மறைக்க மனம் வரவில்லை. "அக்கா, இதை எங்க கிளாஸ்ல காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கொஞ்சம் கேலியாத்தான் எழுதிட்டேன்."

"ஆட்டுக்குட்டி மாதிரி இருக்குன்னா? எனக்கே தெரியுமே. இருபத்தஞ்சு வருஷமா எலும்பைத்தான் பார்க்கறேன். மேல் தோலெல்லாம் எனக்கு வராது." அவர் சிரித்தார். பிறகு தெருவை எட்டிப் பார்த்துச் சொன்னார், "போர்டு வச்சதுல திருடன் வரல, சந்தோஷம். ஒரே ஒரு தொல்லை, பார்சல் எல்லாம் உடைஞ்சு வருது. ஒரு விளக்குக் கூண்டு, ஒரு கண்ணாடிச் சாடி, அப்புறம் ஒரு சுவர்க் கடிகாரம். பேக்கிங் சரியில்லைன்னு மூணு தடவை எழுதிப் போட்டுட்டேன். பாவம், கட்டறவங்க எந்த நினைப்புல கட்டறாங்களோ."

எதிர்ச்சாரியில் வண்டி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அண்ணன் தெருவைக் கடந்து வந்தான். அன்று காலையிலிருந்து ஒரு வீட்டு வாசலுக்கு அவன் வண்டியை விட்டு இறங்கி வந்தது அதுதான் முதல் முறை. பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

"பேக்கிங் இல்லக்கா. நான்தான்."

"நீங்க யாரு தம்பி?"

"உங்க ஏரியா பார்சல்காரன். நாய் இருக்குன்னு பயந்து ஹாரன் அடிச்சிட்டு மதிலுக்கு மேலால போட்டுட்டுப் போயிருவேன். மெதுவாத்தான் போடறதா நினைச்சேன். தப்புதான்."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்தா பயந்தீங்க?"

"எனக்குப் படம் கண்ணுல படாதுக்கா. நாய்ங்கற எழுத்தைப் பார்த்ததுமே கால் நின்னுரும்."

அவருக்கு வந்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஒரு மனிதனையாவது தன் ஓவியம் நடுங்க வைத்ததே என்று சொல்லி இருவரையும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். உடைந்த கடிகாரம் மேசை மேல்தான் கிடந்தது. அண்ணன் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அதன் பக்கம் திரும்பவேயில்லை.

விடைபெறும்போது அந்த அம்மாள் சில்வண்டைப் பிடித்துக்கொண்டார். "நீ படிக்கிற படிப்பே இதுதானேம்மா. திருடனுக்கு நாய் இருக்குன்னு தெரியணும். இந்தத் தம்பி மணி அடிச்சுக் கையில குடுக்கணும். ரெண்டும் ஒரே போர்டுல வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு தாயேன்."

இப்படியொரு வேலையைக் கல்லூரியில் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். 'பார்சல் கொண்டுவருபவர் அஞ்ச வேண்டாம்' என்று எழுதிப் பார்த்தாள். "திருடனுக்கும் படிக்கத் தெரியும்டி" என்றான் அண்ணன். கடைசியில் நோட்டைத் திறந்து கட்டத்தைப் பார்த்தபோது விடை அங்கேயே உட்கார்ந்திருந்தது. பொய்ப் பலகை மிரட்டுகிறது, நிஜப் பலகை வழி சொல்கிறது என்றால், இல்லாத நாய்க்கு நிஜ நாயின் பலகையை வைத்துவிட வேண்டியதுதான்.

அவள் பல் தெரியாத, காதைத் தூக்கிக் கேட்கிற ஒரு நாயை வரைந்தாள். கீழே இப்படி எழுதினாள்: 'எங்கள் உறுமி கட்டாமல் இருக்கும். மணி அடித்துவிட்டு நில்லுங்கள். கட்டிவிட்டு வந்து கதவைத் திறக்கிறோம்.' பெயரை வைத்தவர் அந்த அம்மாள்தான். அவருடைய மேலதிகாரி எந்நேரமும் உறுமிக்கொண்டுதான் இருப்பாராம்.

பலகையை மாட்டிய மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் நாய் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டாராம். "ரொம்ப சாது, சத்தமே போடாது" என்று இவரும் சொல்லிவிட்டாராம். அந்த வாரமே அண்ணன் கிடங்குக்குப் போனபோது பார்சல் கட்டும் பிரிவில் இருந்தவரிடம் நேரில் விஷயத்தைச் சொன்னான். மூன்று புகாருக்கும் பேச்சு வாங்கியவர் அவர். ஒரு வாரம் அவர் முகம் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம், "கண்ணாடின்னா இனிமே பெரிசா எழுதி ஒட்டறேன், அதையாவது படி" என்றார்.

சில்வண்டுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அத்தனை படங்களையும் வரிசையாக அடுக்கி, எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எதில் இல்லை என்று பக்கத்தில் குறித்திருந்தாள். அண்ணன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"இது திருடன் கையில கிடைச்சா உனக்கு டாக்டர் பட்டமே குடுத்துருவான்."

அவள் விளையாட்டாக அவனை அடிக்கக் கையை ஓங்கி, அப்படியே இறக்கிக்கொண்டாள். மணி அடித்ததும் கதவைத் திறந்து, வீட்டு விஷயத்தை நம்பிச் சொன்ன நாற்பத்தொரு பேர் நினைவுக்கு வந்தார்கள். புகைப்படங்களை எல்லாம் எடுத்துவிட்டாள். பலகைகளைத் தானே வரைந்தாள். கதவின் நிறத்தை மாற்றினாள், தெருவைச் சொல்லவில்லை, எழுத்தைக்கூட இடம் மாற்றிப் போட்டாள். உறுமியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவளுடைய ஆராய்ச்சியில் மிகச் சிறந்த பக்கம் அந்த எழுதாத பக்கம்தான்.

இரண்டாம் முறை அவள் வகுப்பில் பேசியபோது யாரும் சிரிக்கவில்லை. இறந்துபோன நாயின் பலகையைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். முடிந்ததும் ஆசிரியை கேட்டார், "நாப்பத்தொண்ணுன்னு சொன்னே. நாப்பதுதான் இருக்கு."

"ஒண்ணை மட்டும் காட்ட முடியாது மேடம்."

"ஏன்?"

"காட்டினா அவங்க வீட்டு நாய் போயிடும்."

ஆசிரியை அவளையே பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். மதிப்பெண் பட்டியல் வந்தபோது சான்று குறைவு என்று நாலு மதிப்பெண் குறைந்திருந்தது. ஓரத்தில், 'குறைத்தது விதிக்காக. நீ செய்தது சரி' என்று கையால் எழுதியிருந்தார்.

பருவ இறுதிக் கண்காட்சிக்கு அண்ணன் பார்சல்களுக்கு நடுவே கால் மணி நேரம் திருடிக்கொண்டு வந்தான். முதுகுப் பையோடு சுவரோரமாக நடந்து, ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று, கீழே எழுதியிருந்ததையெல்லாம் வாயசைத்துப் படித்தான். கடைசிப் படம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"எல்லாத்தையும் படிச்சியா?" என்று கேட்டாள் சில்வண்டு.

"ம். ஒரு இடத்துல கொம்பு விட்டுட்ட." எந்த இடம் என்று காட்டினான். அவள் பேனாவால் அதைப் போட்டு முடிப்பதற்குள் அவன் பக்கத்தில் நின்ற மாணவியிடம் பேசத் தொடங்கியிருந்தான். "எல்லாம் எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சதுங்க. நான்தான் வண்டி ஓட்டினேன்."