தின்னலாம் என்றால் பாராட்டு

மிலுஷேவுக்கு நாக்கில் சனி. ஒலொமோட்ஸ் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். தினமும் நானூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்ட கை. அதனாலோ என்னவோ, உலகத்தில் அவள் கைபடாத சாப்பாடு எதுவும் அவளுக்கு ருசித்ததில்லை. சூப்பில் உப்பு கூடும், ரொட்டியில் வேக்காடு குறையும், கேக் என்றால் காய்ந்திருக்கும். எதிலும் குறை கண்டுபிடிக்க முடியாமல் தோற்றுப்போனால் மட்டும், "ம்ம், தின்னலாம்" என்பாள்.

செக் நாட்டில் எங்கள் மொராவியாப் பக்கம் அது திட்டு இல்லை, பாராட்டு. இங்கே புருஷன்மார் பெண்டாட்டி சமையலைப் புகழ்வதே அப்படித்தான். "தின்னலாம்" என்று கேட்டுவிட்டால் அந்தப் பெண்டாட்டிக்கு அன்று முழுக்கச் சிரித்த முகம். ஆனால் எல்லை தாண்டினால் அந்த வார்த்தை செல்லாக்காசு. அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நாலு வருஷத்துக்கு முன் ஸாக்ரெபில் நடந்த மகன் கல்யாணத்தில் வாயை விட்டாள். சம்பந்தியம்மா ஷ்டெஃபிட்சா மூன்று நாள் கண்விழித்து, முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டிச் சுருட்டி மொத்தக் கல்யாணத்துக்கும் சமைத்திருந்தாள். மிலுஷே ஒரு வாய் தின்றுவிட்டு, மனசாரத்தான், "தின்னலாம்" என்றாள். பக்கத்தில் இருந்த எவனோ புண்ணியவான் அதை வார்த்தைக்கு வார்த்தை க்ரோவேஷிய மொழியில் எடுத்துச் சொன்னான். அதோடாவது விட்டாளா? மணப்பெண்ணின் உடுப்பைத் தொட்டுப் பார்த்து, ஜன்னல் திரைத் துணி மிச்சம் இருந்ததா என்று கேட்டாள். இதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. அவள் விரலும் மூஞ்சியுமே சொல்லிவிட்டன.

அன்றைக்கு மூடிய கதவுதான். பேத்தி தோரா பிறந்து மூன்று வயதாகியும் மிலுஷே அவளைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சல்லிசான பஸ் சுற்றுலா வந்தது. ஐந்து நாளில் நாலு ஊர்: வியன்னா, லுப்லியானா, திரியெஸ்தே, ஸாக்ரெப். முதலில் பதிவு செய்தாள், பிறகு மகன் ராதிமைக் கூப்பிட்டாள்.

"உன் பஸ் இங்க நிக்கிறது ரெண்டரை மணி நேரம்மா," என்றான் அவன். "வா, சாப்பிடு, குழந்தையைப் பாரு. ஆனா எதையும் குறை சொல்லாதே. சண்டையில்லாம முடிஞ்சா கிறிஸ்துமஸுக்குத் தோராவைக் கூட்டிக்கிட்டு வரோம். ஒரே ஒரு குறை உன் வாயிலேர்ந்து வந்தாலும், இனிமே மிர்னாகிட்ட உனக்காக நான் பேச மாட்டேன்."

"நான் எங்கடா குறை சொன்னேன்? தின்னலாம்னுதானே சொன்னேன்?"

"அந்த வார்த்தையைத்தாம்மா சொல்லாதே."

கூடப் போனவள் செத்துப்போன புருஷனின் தங்கை வ்லஸ்தா. பாசத்தால் அல்ல. தனியறை கேட்டால் சுற்றுலாக்காரன் தீட்டிவிடுவான், இரண்டு பேர் சேர்ந்தால்தான் மலிவு. இருவருக்கும் முப்பது வருஷமாக ஆகாது. தன் அண்ணன் சீக்கிரம் செத்ததே அண்ணியின் வாயைத் தாங்காமல்தான் என்று வ்லஸ்தா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். வ்லஸ்தாவின் குறட்டையைப் பற்றி மிலுஷே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அண்ணி இரண்டரை மணி நேரம் வாயை அடக்கப் போகிறாள் என்று கேட்டதும் வ்லஸ்தா பஸ்ஸிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ அடக்கிட்டா என் பல்செட்டைக் கழற்றி உன் கையில தரேன் அண்ணி," என்றாள்.

எங்கள் ஆட்கள் எந்தத் தேசத்துக்குப் போனாலும், பன்றிக்கறித் துண்டை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து, டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். போன இடத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் ஏமாளி. அதே பதார்த்தத்துக்கு வியன்னாதான் பேர்போன ஊர் என்பதெல்லாம் கணக்கில்லை. அரண்மனைத் தோட்டத்தில் நாற்பத்தெட்டுப் பேரும் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஊர்க் கறியை ஊறுகாய் வெள்ளரிக்காயோடு கடித்தார்கள். மிலுஷே வாய் நிறைய வைத்துக்கொண்டு அரண்மனையைக் குறை சொன்னாள். இத்தனை ஜன்னலை எவள் துடைப்பாள், கூறுகெட்டவன் கட்டிய வீடு என்றாள். ஒரு காபிக் கடையில் நுழைந்தபோது, காபியோடு தண்ணீர் கொடுக்கிறானே, காபியே தண்ணீராகத்தானே இருக்கிறது என்று பரிசாரகன் காதுபடச் சொன்னாள். அவன் தாத்தா வழியில் செக் நாட்டுக்காரனாக இருக்க வேண்டும். முறைத்துக்கொண்டே போனான்.

லுப்லியானாவில் பாலத்து டிராகன்களைப் பார்த்து, சோறில்லாத பல்லிகள் என்றாள். சந்தையில் வ்லஸ்தா கடுகுச் சாந்தோடு சுடச்சுட ஒரு சாஸேஜ் வாங்கி, கொழுப்பு முழங்கையில் வழிய, அண்ணியின் மூக்குக்கு நேரே வைத்துத் தின்றாள். டப்பாக் கறிக்கு அது இரண்டாவது நாள். மிலுஷேவுக்கு வாயூறியது. ஒரு துண்டு பிடுங்கித் தின்றாள். அபாரமான சாஸேஜ். அது தெரிந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"எப்படியிருக்கு அண்ணி?"

"தின்னலாம்."

"போச்சு. ஸாக்ரெப்ல உன்னை வாசலோட அனுப்பிடுவாங்க," என்று வ்லஸ்தா விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்.

அது சுருக்கென்று தைத்தது. எரிச்சல் வ்லஸ்தா மேல் இருந்தாலும் பயம் வேறிடத்தில் இருந்தது. தோராவுக்கு மூன்று வயது. இந்த வாசலும் மூடினால், அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்ப் பெரியவளாகி நிற்கும்போதுகூட, இவள் ஒலொமோட்ஸில் புகைப்படத்தைத்தான் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றிலிருந்து நிஜமாகவே பாடுபட ஆரம்பித்தாள். பஸ் வழிகாட்டி எல்லோருக்கும் க்ரோவேஷிய வார்த்தைகள் அச்சடித்த ஒரு தாள் கொடுத்திருந்தான். பஸ்ஸில் மற்றவர்கள் அதில் கறித்துண்டை மடித்து வைத்தார்கள். இவள் மட்டும் பள்ளிப் பிள்ளை மாதிரி உதடசைத்துப் படித்தாள். வணக்கம் இருந்தது, நன்றி இருந்தது, கழிவறை எங்கே, விலை அதிகம், குறைத்துக் கொடு எல்லாம் இருந்தது. நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும் வார்த்தையே இல்லை. சல்லிசுச் சுற்றுலாவில் வந்தவன் எதையும் பாராட்டப்போவதில்லை என்று அச்சடித்தவனுக்கே தெரிந்திருக்கிறது.

அதனால் பாராட்டைத் தன் மொழியிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். செக்கும் க்ரோவேஷியமும் பங்காளி மொழிகள்தானே, பாதிக்குப் பாதி புரியும். செக்கில் இருப்பதிலேயே பெரிய பாராட்டை எடுத்தாள். "ஊஷஸ்னே." அதியற்புதம் என்று அர்த்தம். திரியெஸ்தேயில் வெளியே கடலும் காற்றும் கொண்டாட்டமாக இருந்தன. எல்லோரும் பீன்ஸும் புளித்த கோஸும் போட்ட சூப்பைக் குடிக்கப் போயிருந்தார்கள். இவள் விடுதி அறைக் கண்ணாடி முன் நின்று அந்த வார்த்தையைப் பழகினாள். வாயில் வரவில்லை. வந்தாலும் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு கரகரவென்று வந்தது.

உள்ளே வந்த வ்லஸ்தா, "யாரை அண்ணி திட்டிக்கிட்டிருக்கே?" என்றாள்.

"பாராட்டிக்கிட்டிருக்கேன்டி, கழுதை."

ஸாக்ரெபில் ராதிம் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தான். கட்டிப்பிடித்தான், ஆனால் வாசலில் வந்து நிற்கிற விருந்தாளியைக் கட்டிப்பிடிக்கிற மாதிரிதான். நீல நிற டிராமில் போகும்போது மிலுஷே ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். சிவப்புக் குடைகள் விரித்த சந்தை போனது, மாதா கோயில் போனது. குறை சொல்ல ஆயிரம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் ஷ்டெஃபிட்சா நின்றாள். மிலுஷே தாளில் படித்ததைப் பிசகாமல், அவர்கள் மொழியிலேயே வணக்கம் சொன்னாள். உள்ளே வரச் சொன்னதும் அவர்கள் மொழியிலேயே நன்றி சொன்னாள். சம்பந்தியம்மாவின் புருவம் ஏறியது. மருமகள் மிர்னா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இவள் நம் மொழி படித்துக்கொண்டா வந்திருக்கிறாள் என்று அந்தக் கண் கேட்டது. தோரா அம்மாவின் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, கொஞ்ச நேரத்தில் மிலுஷேவின் பைக்குள் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தாள். அப்பாடா என்றிருந்தது மிலுஷேவுக்கு.

சாப்பாட்டு மேஜையில் வாயை அடக்கிக்கொண்டாள், ஆனால் மூஞ்சி அவள் சொல்படி கேட்கிற மூஞ்சி அல்ல. தட்டைப் பார்த்தது, விளிம்பில் இருந்த கீறலைப் பார்த்தது, மேஜைத் துணியைப் பார்த்தது. ஷ்டெஃபிட்சா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பிலிருந்து நேரே ஷ்ட்ரூக்லி வந்தது. மாவை மேஜை அகலத்துக்கு மெல்லிசாக இழுத்து, உள்ளே பாலாடைக் கட்டி வைத்துச் சுருட்டி, மேலே பாலேடு ஊற்றிச் சுட்டது. விடிகாலையில் எழுந்து மாமியார் தன் கையால் இழுத்த மாவு என்று ராதிம் எச்சரிக்கையாகவே சொல்லி வைத்தான்.

மிலுஷே ஒரு வாய் தின்றாள். மாவு இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று மாவு பிசைந்த கைக்குத் தெரியும். கிழியாமல் இந்த மெல்லிசுக்குக் கொண்டுவர அவளால் முப்பத்தோரு வருஷத்தில் முடிந்ததில்லை. கண்ணாடி முன் வராத வார்த்தை இப்போது பழகாமலேயே வந்தது.

"ஊஷஸ்னே," என்றாள் சம்பந்தியம்மாவை நேராகப் பார்த்து.

ஷ்டெஃபிட்சா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்த மிலுஷேவுக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. அடடா, ஒரு நல்ல வார்த்தைக்கு இவ்வளவு ஏக்கமா இந்த மனுஷிக்கு என்று நினைத்தாள். மார்பில் கைவைத்து, "ஊஷஸ்னே, ஊஷஸ்னே!" என்று இன்னும் அழுத்திச் சொன்னாள். இன்னொரு வாயும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மிர்னா எழுந்து, தோராவைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஷ்டெஃபிட்சா மிலுஷேவின் முன்னாலிருந்த தட்டை, பாதித் தீனியோடு, எடுத்துக்கொண்டு போனாள். ராதிம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"கிளம்பும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலிருந்தது. குழந்தைக்குக் கொண்டுவந்த கம்பளிச் சட்டை பையிலேயே கிடந்தது. எதையும் கேட்கவிடாமல் அவன் கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டான். டிராமில் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தான். பஸ் நிறுத்தம் வந்து சேர்வதற்குள் மிலுஷேவுக்கு அடக்கி வைத்த கோபமெல்லாம் கொதித்துப் பொங்கிவிட்டது. வ்லஸ்தாவும் மற்றவர்களும் நிற்பதைப் பார்த்தும் அவள் குரல் இறங்கவில்லை.

"என்னடா மனுஷங்க இவங்க? வாயைத் திறந்து புகழ்ந்தாலும் தட்டைப் பிடுங்குறாளே உன் மாமியா! இதுக்கு மேல நான் என்னடா செய்யணும்?"

"புகழ்ந்தியா?" என்றான் ராதிம். பேசக்கூடாது என்று வந்தவன் பேசினான். "அவங்க மொழியைப் படிச்சுக்கிட்டு வந்து, அவங்க மொழியிலேயே, படுகேவலம் படுகேவலம்னு மூணு தடவை சொன்னியே, அதுக்குப் பேர் புகழ்ச்சியா? வணக்கம் சொன்னப்ப எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா?"

மிலுஷேவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஊஷஸ்னேன்னுதானேடா சொன்னேன்."

"அதான். உஷஸ்னோ. இங்க அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

"இங்க என்ன எழவு அர்த்தமோ எனக்கென்னடா தெரியும்? நான் செக்லதானே சொன்னேன்!"

ராதிம் அப்படியே நின்றான். முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது, அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

"செக்கா?" என்றான். "எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்மா. ஆனா அது செக்கா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. அந்த வார்த்தையை நீ சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே."

வாயைத் திறந்தாள். பொய் சொல்றே என்று கத்தத்தான் திறந்தாள். அதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று மனசுக்குள் தேடினாள். அவன் ஆறு வயதில் பள்ளி மேடையில் பாடியது, அன்னையர் தினத்துக்கு வரைந்து கொடுத்த படம், முதல் சம்பளத்தில் வாங்கி வந்த சால்வை. பாட்டில் சுருதி இறங்கியிருந்தது. படத்தில் அவள் மூக்கு பெரிதாக இருந்தது. சால்வை குத்தியது. முப்பத்தாறு வருஷத்தில் ஒன்று, ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று தேடினாள். டிரைவர் ஹார்ன் அடித்தான்.

"அவங்ககிட்டச் சொல்றேன்," என்றான் ராதிம். "ஆனா எப்படிம்மா நம்புவாங்க? நானே நம்பலையே."

வ்லஸ்தா படியில் நின்றபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அண்ணி ஏறி வந்து இருக்கைப் பக்கம் நின்றபோது குத்திக்காட்ட அவளுக்கு நூறு வார்த்தை இருந்தது. ஒன்றையும் சொல்லாமல் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.