மூன்றாம் தாங்கி

சோளகக் காற்று எழும்ப முன்னமே எங்கள் சுத்தியல் சத்தம் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை எழுப்பிவிடும். துருப்பிடித்த இரும்பைக் கொத்தக் கொத்தக் கறள் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து மூக்கிலும் தொண்டையிலும் அடையும். பிறகு கம்பித் தூரிகை, அதற்குப் பிறகு சிவப்புப் பூச்சு. இதற்குப் பெயர் கப்பல் அதிகாரிப் பயிற்சி. வெட்கக்கேடு! பிள்ளைகள் தோளில் பட்டியோடு நிற்கிறார்கள் என்று வீட்டில் நினைத்திருக்க, நாங்கள் முதலாளியின் பழைய சரக்குக் கப்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

முதலாளி ஆழ்வாப்பிள்ளை. அக்கடமியும் அவருடையது, கப்பலும் அவருடையது. அவரை நாங்கள் கப்டன் என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சிக் கப்பல் என்று சொல்லி எங்களைக் கொண்டு திருத்தி, வாடைக் காற்றுக்கு முதல் அதில் சரக்கேற்றுவது அவருடைய எண்ணம். இது விளங்கியும் நாங்கள் வாய் திறக்கவில்லை. யாரை எந்தக் கப்பலில் ஏற்றிவிடுவது என்று தீர்மானிக்கிறவர் அவர். கப்பலேறிக் கடலில் பழகாதவருக்கு அதிகாரியாகும் வழியே இல்லை.

மூன்றாம் தாங்கி கப்பலின் அடிவயிற்றில் இருந்தது. வருடக்கணக்காகத் திறக்காத தண்ணீர்த் தாங்கி. தளத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அதன் வாய், அதற்கு ஓர் இரும்பு மூடி. செவ்வாய்க்கிழமை அதைக் கழற்றினோம். உள்ளே துப்புரவாக்க முதல் இறங்கியவன் டெனிஸ்ரன், நாரந்தனையில் எனக்கு அடுத்த வீட்டுப் பொடியன்.

"பேய் இருந்தா உனக்கும் ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாறன், நிமலினி" என்று சிரித்தான்.

இடுப்பில் கயிறு கட்டாமல் விடமாட்டேன் என்று நின்றவன் எங்களோடு படிக்கிற வேலணைச் சுதன். ஏணியின் பாதியில் டெனிஸ்ரனின் பேச்சு நின்றது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

கடலில் ஆள் விழுந்தால் எங்கள் ஆட்கள் கேள்வி கேட்கமாட்டார்கள், குதிப்பார்கள். என் இரண்டு காலும் தாங்கி வாய்க்குள் போய்விட்டன. சுதன் என் பின்கழுத்துச் சட்டையில் பிடித்து இழுத்தான்.

"விடடா! அவன் சாகப்போறான்!"

"நீயும் சாவாய்! உள்ளுக்குக் காத்தில்லை, இருந்ததைக் கறள் திண்டிட்டுது. கயித்தை இழு!"

அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். அவன் விடவில்லை. எல்லோரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். டெனிஸ்ரன் மேலே வந்தபோது உதடு நாவல்பழ நிறமாக இருந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறான். தாய் அல்போன்சம்மா கட்டிலடியில் செபமாலையோடு இருக்கிறா.

வெள்ளிக்கிழமை அணிவகுப்பு நாள். எல்லோரும் வெள்ளை உடுப்பில் தளத்தில் நின்றோம். தாங்கியின் வாய் திறந்தபடியே கிடந்தது. கப்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நிமலினி, நீர் மெலிஞ்ச ஆள். சுகமா நுழைவீர். அணிவகுப்பு முடிய உடுப்பை மாத்திக்கொண்டு மூண்டாம் தாங்கிக்குள்ள இறங்கும்."

"டெனிஸ்ரனுக்கு என்ன நடந்தது, சேர்?"

"வெறும் வயிறு. தலைச்சுத்து. ஆர் கேட்டாலும் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லோணும்."

"என்னோட இருந்து புட்டும் சம்பலும் திண்டிட்டுத்தான் இறங்கினவன்."

அவர் முகம் இறுகியது. "அப்ப அவன்ர கவலையீனம்."

"உள்ளுக்குக் காத்தைச் சோதிச்சனீங்களோ?"

"திறந்துதானே கிடக்குது. காத்துத் தானா உள்ளுக்குப் போயிருக்கும்."

"சோதிக்காமல் ஆளை இறக்கிறது கொலை எண்டு வகுப்பில படிப்பிச்சது நீங்கள்தானே?"

சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது, பெற்றோர் பார்ப்பதற்காக, அக்கடமி வாசலடிக் கண்ணாடி அலுமாரிக்குள். சுதன் அதை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். பின்பக்கத்தைத் திறந்து காட்டினான். பற்றரி ஊறி, உள்ளே எல்லாம் பச்சையாய்ப் பூத்துக் கிடந்தது.

கப்டன் அதைப் பார்க்காதவர் போல என் பக்கம் குனிந்தார். குரலும் தணிந்தது.

"அடுத்த மாதம் கொழும்பிலயிருந்து ஒரு கப்பல் வெளிக்கிடுது. ஒரு இடம் இருக்கு. இறங்கி ஏறினீரெண்டா அது உமக்கு."

பொய் சொல்லமாட்டேன், என் மனம் ஆடிவிட்டது. பெட்டைக்கு என்ன கப்பல் என்று கேட்ட முழு ஊரோடும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தவள் நான். தாங்கியின் வாயைப் பார்த்தேன். கும்மிருட்டு. டெனிஸ்ரனின் காலிலிருந்து கழன்ற ஒரு சப்பாத்து இன்னும் அடியில்தான் கிடக்கிறது.

"ஏலாது, சேர்."

"உம்மை விட்டா எனக்கு ஆளில்லையோ? சுதன், நீர் இறங்கும்."

"ஏலாது."

"பிரியதர்சினி?"

அவள் எங்களில் மிகவும் பயந்தவள். கண் கலங்கியிருந்தது. "ஏலாது, சேர்."

அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் கேட்கவில்லை.

"மூடியைப் பிடியுங்கோ" என்றேன். பாரமான மூடி. எல்லோருமாக இழுத்து, தாங்கியின் வாயில் போட்டோம். இடி விழுந்ததுபோல் கப்பல் முழுக்க அதிர்ந்தது. நான் அதன்மேல் குந்தினேன். சுதன் பக்கத்தில் குந்தினான். பிரியதர்சினி வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். வெள்ளை உடுப்பிலெல்லாம் கறள் அப்பியது.

"எழும்புங்கோ! உங்களில ஒருத்தரும் கப்பலேற மாட்டியள்! பொலிசைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்கோ, சேர். அவையும் வந்து இறங்கிப் பாக்கட்டும்" என்றான் சுதன்.

அவர் போனைக் காதில் வைத்தபடி இறங்கிப் போனார். ஆருக்கு எடுக்கிறாரோ தெரியவில்லை. வெயில் ஏறி இரும்பு சுடத் தொடங்கியது. ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அது சுதனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அன்றைக்குப் போலவே என் பின்கழுத்துச் சட்டையில் இறுக்கிப் பிடித்தான்.

இந்தமுறை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிரியதர்சினியின் சட்டையை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.