ஒரு குறையும் இல்ல சார்

அடைக்கலம் கேட்டு வந்தவர்களைத் தற்காலிகமாகத் தங்க வைத்திருந்த அந்த ஓட்டலில் ஒரு பழக்கம் உண்டு. அதிகாரி கதவைத் தட்டி என்ன கேட்டாலும், "ஒரு குறையும் இல்ல சார்" என்பார்கள். குழாய் ஒழுகும், போர்வை நாறும். சார் வந்துவிட்டால் எல்லாம் சொர்க்கம்தான். வாய் திறந்து ஏதாவது கேட்டால் நம் பைல் அடியில் போய்விடும் என்று எவனோ கொளுத்திப் போட்டிருந்தான். நாசமாய்ப் போனவன், யாரென்றுகூடத் தெரியாது.

புருஷனோடு அங்கே ஓர் அறையில் இருந்த அக்காவும் அதிகாரியிடம் அதே பதிலைத்தான் சொன்னாள். போன வாரம் வந்த அதிகாரி, "உங்களை எல்லாம் வீடுகளுக்கு மாத்தப் போறோம். தனியா ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பக்கத்து அறையில் தங்கை இருக்கிறாள், கடல் தாண்டி வந்ததிலிருந்து அவளுக்குத் தனியாகப் படுத்தால் தூக்கம் வராது, தினமும் நான்தான் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. புருஷன் முழங்கையால் இடித்தான். விழுங்கிவிட்டாள்.

இன்று வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. குடும்பங்களுக்கு ஒன்று, தனி ஆட்களுக்கு ஒன்று. போகிற ஊரும் வேறு வேறு. தங்கை தன் பையோடு அக்கா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ அந்த வண்டிம்மா" என்றார் டிரைவர். அவர் என்ன செய்வார், பாவம்.

தங்கை சிரித்தாள். "இவருக்குத் தெரியலக்கா. நீதான் அன்னிக்கே அதிகாரிகிட்ட சொல்லிட்டியே?"

அக்கா அவள் பையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னேன்டி. அவங்கதான் கேக்கல."

"சரி விடு. அதுக்கு நீ என்ன பண்ணுவ? அழாதக்கா" என்று அவள்தான் இவள் கண்ணைத் துடைத்துவிட்டு இறங்கினாள்.

புது வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. கட்டில்கூடப் போட்டிருந்தார்கள். சாவி கொடுக்க வந்த அதே அதிகாரியிடம் அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். புருஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"அடடா, அன்னிக்கே சொல்லக் கூடாதாம்மா? இந்த ரூம் இருக்கே, ஒண்ணாவே போட்டிருப்பேனே! இனி புதுசா மனு போடணும். எவ்வளவு நாளாகுமோ, சொல்ல முடியாது."

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். பின்னால் எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

"எப்படிடி இருக்கு அங்க?"



"ஒரு குறையும் இல்லக்கா."