ரப்பர் நாக்கு

பெயின்டருக்குப் பட்டப்பெயர் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. திங்கட்கிழமை அவன் வலது நுரையீரல், காரணமே இல்லாமல் காற்று கசிந்து சுருங்கிவிட்டது.

டாக்டர் விலாவில் மெல்லிய குழாயைச் செருகி, நுனியில் தீப்பெட்டி அளவு டப்பாவை மாட்டினார். உள்ளே ஒரு ரப்பர் நாக்கு. நெஞ்சில் தேங்கிய காற்று வெளியேறும்போது படபடக்கும்; வெளிக்காற்றை உள்ளே விடாது.

"வீட்டுக்குப் போகலாம். மூச்சு முட்டினா, குழாய் கழண்டா உடனே ஓடி வாங்க. வெள்ளிக்கிழமையும் கசிஞ்சா, படுக்க வச்சு ஆபரேஷன்தான்."

அவனுக்கு ஆபரேஷனை நினைத்துப் பயமில்லை. மனைவிக்கு நிறைமாதம், அதுதான் பயம். மூத்தவள் பிறந்தபோது வெளியூரில் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிக்கொண்டிருந்தான். அதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். இந்தத் தடவை பக்கத்திலேயே நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

அவன் சிரித்தால் நாக்கு படபடத்தது. அதைப் பார்த்துப் பயந்த மனைவி, டாக்டரே சொல்லாத ஒரு சட்டம் போட்டாள்: வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. அவள் தம்பி வாயைத் திறந்தாலே சிரிப்பில் வீடு குலுங்கும். அதனால் தம்பிக்கு வாசலோடு சரி. இரண்டு நாள் வீடு இழவு வீடுபோல் கிடந்தது.

புதன்கிழமை கட்டு மாற்ற வந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "சிரிக்கக் கூடாதுன்னு யார் சொன்னா? சிரிச்சு, இருமி, நல்லா மூச்சிழுத்தாத்தானே உள்ள நிக்கிற காத்து வெளிய போகும்!"

மனைவி வாசலைப் பார்த்துக் கத்தினாள். "டேய், உள்ள வாடா!"

தம்பி வந்தான், டப்பாவைப் பார்த்தான். "சைக்கிள் டியூப் மாதிரி இருக்கீங்கன்னு சும்மா சொன்னேன் மாமா. அதுக்காகப் பஞ்சராகியே காட்டணுமா?"

விலா வலிக்க வலிக்கச் சிரித்தான் பெயின்டர். நாக்கு படபடவென்று அடித்தது. மறுநாள் எப்போதாவதுதான் துடித்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் இருமச் சொன்னார். நாக்கு அசையவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுசாக விரிந்திருந்தது. குழாயை உருவி, அங்கே சின்னதாக ஒரு கட்டுப் போட்டார்கள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் அவள் கையைப் பிடித்தபடி நின்றான்.

"நல்லா மூச்சை இழுத்து விடும்மா" என்றாள் பிரசவம் பார்ப்பவள்.

மனைவியோடு சேர்ந்து அவனும் இழுத்தான், நெஞ்சு நிறைய. அவ்வளவு வலியிலும் அவள் கண் அவன் விலாவுக்குத்தான் போனது.

"ஒண்ணும் ஆகாது. நீ இழு" என்றான்.