பேர் வெட்டிய குண்டான்

புருஷன் பிரசாந்தின் அக்கா கார்த்திகா ஆலங்குடியிலிருந்து போன் பேசினால் சுகுணாவுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அன்றைக்கு ராத்திரியும் அப்படித்தான்.

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வாரேன். ஒங்க கல்யாணத்துக்கு நான் குடுத்த பித்தளைக் குண்டான வெளக்கி வையி. அதுலதான் காய்ச்சுவேன். இல்லாட்டி அடுப்புப் பக்கமே வரமாட்டேன், ஆமா."

அவர்கள் குடிபோகும் புது வீட்டில் முதல் பால் காய்ச்ச வேண்டியவள் நாத்தனார். அவள் முறுக்கிக்கொண்டு நின்றால் சொந்தபந்தம் முன்னால் மானம் போகும், பிரசாந்த் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவான். குண்டானோ வீட்டில் இல்லை. புளி போட்டுத் தேய்த்துக் கை சலித்து, வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப்போகும் கொட்டகையில் பத்து நாளைக்கு முன்புதான் அதை வைத்துவிட்டு வந்திருந்தாள். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று புதுக்கோட்டையில் பஸ் ஏறிக் கறம்பக்குடி வரை போன புத்திசாலி அவள்.

மறுநாள் காலை மறுபடியும் அதே பஸ். கொட்டகையை நடத்தும் நல்லதம்பி, ரிட்டயர்டு லைன்மேன், ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் குண்டானாம்மா? ஈயம் பூசி, தங்கமாட்டம் தேச்சு வச்சேன். நேத்து ஒரு அம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாருங்க அவங்க?"

"பேரெல்லாம் கேக்குறதில்லம்மா. வைக்கிறவங்களுக்கும் கூச்சம், எடுக்குறவங்களுக்கும் கூச்சம். அந்தா இருக்குல்ல எவர்சில்வர் இட்லிப் பானை, அத வைக்கத்தான் வந்தாங்க. குண்டான்ல வெட்டியிருந்த பேரப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னாங்க. அப்பறம் விறுவிறுன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

சுகுணா இட்லிப் பானையைத் திருப்பினாள். 'சுகுணா – பிரசாந்த், அன்பளிப்பு'. கார்த்திகாவின் கிரகப்பிரவேசத்துக்கு அரை நாள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது!

அப்படியானால் நேற்று ராத்திரி குண்டானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விளக்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள் மகராசி. சுகுணாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆசையாகக் கொடுத்ததை இப்படி யாராவது தெருவில் வைப்பார்களா? தான் வைத்தது மட்டும் அந்த நேரம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை கார்த்திகா பெரிய கட்டைப்பையோடு வந்து இறங்கினாள். சமையலறையில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"குண்டான் எங்க?" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

சுகுணா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிப் பேர் நாத்தனார் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள். "இதுல காய்ச்சுங்க அண்ணி. ராசியான பானை."

கார்த்திகா படித்தாள். முகம் வெளுத்தது. அரை லிட்டர் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவ்வளவு பெரிய பானையில் அரை லிட்டர் பால் எங்கே பொங்கும்? அடியிலேயே கொதித்துக் கிடந்தது. முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம். "பொங்கலையே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேறு பாத்திரம் எதுவும் புது வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நாத்தனாரை ஜெயிக்கவென்று வைத்த பானை தன் வீட்டுக்கே கெடுதலாக முடிகிறதே என்று சுகுணாவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

கார்த்திகா அந்தக் கண்ணைப் பார்த்தாள். குனிந்து கட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னக் குண்டானை எடுத்தாள்.

"வெளக்கித்தான் கொண்டாந்திருக்கேன். பிடி."

இருவரும் சேர்ந்து பாலை மாற்றினார்கள். இரண்டே நிமிஷத்தில் பால் பொங்கி, வெட்டிய பேரின் மேலேயே வழிந்தது. நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

பந்தி முடிந்தபின் குண்டான் பால் கருகி, கறுத்துப்போய்த் தொட்டியில் கிடந்தது.

"நீங்களே எடுத்துட்டுப் போங்க அண்ணி."

"எனக்கெதுக்கு? ஒனக்குக் குடுத்தது."

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார்த்திகாதான் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தக் கொட்டகைக்காரரு திங்கக்கெழம எத்தன மணிக்குத் தொறப்பாரு?"