நான் பூட்டிய தளமும் மச்சினியின் இன்டர்வியூவும்

இணையதளங்களைப் பூட்டுவதுதான் என் வேலை. இன்டர்நெட் கம்பெனியில் மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை. தினமும் காலையில் மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். அதில் இருப்பதை நான் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டால் ஊரில் யாருக்கும் அந்தத் தளங்கள் திறக்காது. ஏன் என்று நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டவர் இப்போது கீழ்த்தளத்தில் கேபிள் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அன்று எனக்குச் சோம்பேறித்தனம். ஒரு தளத்தைப் பெயர் சொல்லிப் பூட்டினால் ஏழு கட்டம் நிரப்ப வேண்டும். அது குடியிருக்கும் ஐபி எண்ணைப் பூட்டினால் ஒரே கட்டம். எண்ணைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒரே எண்ணில் முந்நூறு தளங்கள்கூட ஒண்டியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு குடித்தனக்காரரைப் பிடிக்கவில்லை என்று மொத்தக் கட்டடத்துக்கும் பூட்டுப் போட்ட கதைதான். வழக்கமாக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அன்று வந்தார்கள். பத்தரை மணிக்கு என் மனைவியின் போன்.

"என்னத்தப் பூட்டித் தொலைச்சீங்க? பதினோரு மணிக்கு இவளுக்கு இன்டர்வியூ. அந்த லிங்க் திறக்கவே மாட்டேங்குது!"

'இவள்' என்றால் அவள் தங்கை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். பதினோரு இன்டர்வியூ போனாள்; பதினொன்றிலும் கையை விரித்துவிட்டார்கள். இது வெளிநாட்டுக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. இதுவும் போனால் இனி எதற்கும் விண்ணப்பம் போடுவதில்லை என்று முதல் நாள்தான் அழுதிருந்தாள். எண்ணைத் தட்டிப் பார்த்தேன்; அதில் ஒண்டியிருந்தவர்களில் அந்தக் கம்பெனியும் ஒன்று.

மேலாளரிடம் ஓடினேன்.

"பூட்டறதுக்கு ஒரு கையெழுத்து, திறக்கறதுக்கு மூணு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "மூணாவது ஆளு பல்லு பிடுங்கப் போயிருக்காரு. நாளைக்குப் பாக்கலாம்."

வீட்டுக்குப் போன் போட்டேன். மச்சினியே எடுத்தாள்.

"அத்தான், விபிஎன் போட்டுச் சுத்து வழியாப் போயிடலாம்னு பாத்தேன். மூணு வச்சிருந்தேன். மூணும் செத்துக் கிடக்கு."

"அதுல ரெண்டு போன வாரம் நான் பூட்டினதும்மா."

"மூணாவது?"

"அது... இன்னிக்குக் காலைல."

"நல்லா இருப்பீங்க," என்றாள்.

மணி பத்து ஐம்பது. இன்னும் பூட்டாத விபிஎன் எது என்று எனக்குத் தெரியும். வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் மறுபடி மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அதுவும் என் சோம்பேறித்தனத்தால். மாடிப்படி ஓரம் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பெயரைச் சொன்னேன்.

"அது வேஸ்ட்டு," என்றது ஒரு குரல். திரும்பினால் மேலாளர். எனக்கு உயிரே போய்விட்டது.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுந்து போகும். நான் செஸ் மேட்ச் பாக்கறது வேற ஒண்ணுல. போனைக் குடுங்க."

வாங்கி, எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொன்னார். பிறகு ஒன்றும் நடக்காதது போலப் படியேறிப் போனார். மனிதரைக் கட்டிப்பிடித்திருப்பேன், பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது.

"எடுத்த எடுப்புல, 'உங்க ஊர்ல காலைலேர்ந்து எங்க தளம் திறக்கலியே, நீங்க எப்படி வந்தீங்க'ன்னு கேட்டாங்க அத்தான். பேரைப் பூட்டல, எண்ணைத்தான் பூட்டியிருக்காங்கன்னு நானாக் கண்டுபிடிச்சதைச் சொன்னேன். எந்த வழி ஏன் செத்துச்சுன்னும் சொன்னேன். அரை மணி நேரம் அதேதான் பேச்சு. வேலை கிடைச்சிடுச்சு!"

கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் பார்ப்பதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

"என்ன வேலைம்மா?"

கொஞ்சம் தயங்கினாள். "தளமெல்லாம் பூட்டிக் கிடக்கற ஊர்க்காரங்களுக்குச் சுத்து வழி போட்டுக் குடுக்கணும். நம்ம ஊரும் அதுல இருக்கு. உங்களுக்குக் கோபமா அத்தான்?"

"எனக்கென்ன கோபம்? இனிமே சோம்பேறித்தனம் பாக்காம தினமும் பூட்டணும், அவ்வளவுதான். நான் பூட்டலேன்னா உன் வேலை போயிடும்."